கறுப்பு மேசையில் சிவப்புத் தோப்பு

கியோட்டோ நகரின் வடகிழக்கு ஓரத்தில், ஹியெய் மலையின் அடிவாரத்தில் யாசே என்றொரு சிற்றூர். டெமாச்சியானகி நிலையத்தில் ஏய்ஸான் பாதையின் குட்டி ரயிலைப் பிடித்துக் கடைசி நிறுத்தத்தில் இறங்க வேண்டும். தகானோ ஆற்றைப் பாலத்தில் கடந்து கொஞ்சம் நடந்தால் மரங்களுக்கு நடுவே ஒரு வாசல் தெரியும். அதுதான் ருரிகோ-இன். ஒருகாலத்தில் வசதி படைத்தவர்களின் மலைவீடாகவும் பிறகு விடுதியாகவும் இருந்தது. இப்போது புத்த ஆலயம். வருஷம் முழுக்கத் திறந்திருப்பதில்லை. மேப்பிள் தளிர்க்கும் வசந்தம், இலை சிவக்கும் இலையுதிர் காலம் போன்ற பருவங்களில், முன்கூட்டி அறிவிக்கும் தேதிகளில் மட்டும் உள்ளே விடுவார்கள்.

அங்கே போகிறவர்களில் பெரும்பாலோரை இழுத்து வருவது ஒரு புகைப்படம். படத்தின் மேல்பாதியில் செக்கச்செவேலென்று மேப்பிள் மரங்கள், கீழ்ப்பாதியில் அதே மரங்கள் தலைகீழாக. நடுவே நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு. அசையாத ஏரியின் கரையில் வீடு கட்டியிருக்கிறார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

மாடியறைக்குள் நுழைந்தால் ஏரி இல்லை. பாயில் உட்கார்ந்து எழுதுவதற்கான உயரத்தில், மெருகேற்றிய கறுப்பு மேசை ஒன்று கிடக்கிறது. நின்றபடி பார்த்தால் அது வெறும் மேசை, மங்கலான பளபளப்பு, அவ்வளவே. முன்னால் வந்தவர்கள் மண்டியிட்டு, மேசை விளிம்பில் கைப்பேசியை ஏறத்தாழ ஒட்டவைத்துப் படமெடுப்பதைப் பார்த்த பிறகுதான் சூட்சுமம் புரியும். உட்கார்ந்தால் மேசையில் இலைகள் எட்டிப் பார்க்கின்றன. முகவாயை மேசை மட்டத்துக்கு இறக்கினால் முழுத் தோப்பும் உள்ளே வந்துவிடுகிறது.

மேசையும் அதேதான், வெளிச்சமும் அதேதான். மாறியது நம் கண் இருக்கும் உயரம் மட்டும். அப்படியானால் மேசை எப்போது கண்ணாடியாகிறது?

முதல் பாதி விடை பள்ளிக்கூடத்திலேயே படித்தது. ஒளி ஒரு பரப்பில் எந்தச் சாய்வில் விழுகிறதோ அதே சாய்வில்தான் மறுபக்கம் திரும்பும். இந்த விதியைக் கண்ணிலிருந்து பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள். நின்றுகொண்டு மேசையைக் குனிந்து பார்க்கிறோம். பார்வை 45 டிகிரியில் இறங்குகிறது. மேசையில் பட்டபின் அது 45 டிகிரியில் மேலேறி எங்கே போகும்? அறையின் உள்கூரைக்கு. தப்பித்தவறி வெளியே போனாலும் தாழ்வாரக் கூரை மறிக்கும். ஜப்பானியப் பழைய பாணி வீடுகளில் கூரை சுவரைத் தாண்டி வெகுதூரம் வெளியே நீண்டிருக்கும். ஆகவே நின்றவருக்கு மேசையில் தெரிவது இருட்டான கூரையின் பிம்பம்தான். அதை யாரும் பிம்பம் என்று கவனிப்பதில்லை. மேசையின் கறுப்பு என்றே எடுத்துக்கொள்கிறோம்.

கண்ணைத் தாழ்த்தினால், மேசையில் பட்டுத் திரும்பும் கோடு படுத்தவாக்கில் கூரைவிளிம்புக்கு அடியில் நுழைந்து தோட்டத்துக்குப் போய்விடும். இங்கே மாடி என்பதும் முக்கியம். தரைத்தளமாக இருந்தால் அந்தக் கோடு அடிமரங்களிலும் புதரிலும் முட்டும். மாடியில் இலைக்கொத்துகள் ஜன்னல் மட்டத்துக்கே வந்து நிற்கின்றன.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. மேசையில் தெரியும் மரம், நேரே தெரியும் மரத்தின் தலைகீழ் நகல் அல்ல. மேசைக்கு மேலே நம் கண் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதே அளவு மேசைக்குக் கீழே இன்னொரு கண்ணை வைத்து அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால் என்ன தெரியுமோ அதுதான் பிம்பத்தில் தெரியும். அதனால் நேரே பார்க்கும்போது இலையின் மேற்புறம் தெரிகிற கிளையில், பிம்பத்தில் அடிப்புறம் தெரியலாம். வானத்தின் ஒளி இலையை ஊடுருவி வரும் பக்கம் அது. கண்ணும் மேசையும் நெருங்க நெருங்க இரண்டு பார்வைகளும் ஒன்றையொன்று நெருங்கி, பிம்பம் நகல் மாதிரி ஆகிவிடும். கைப்பேசியை மேசையில் ஒட்டவைக்கும்போது நடப்பது இதுதான்.

ஆனால் இந்த வடிவக்கணக்கு பிம்பம் எங்கே தெரியும் என்று சொல்லுமே தவிர, எவ்வளவு பிரகாசமாகத் தெரியும் என்று சொல்லாது. கதையின் சுவையான பகுதி அங்கேதான் இருக்கிறது.

கண்ணாடி, வார்னிஷ், மெருகுப் பூச்சு எல்லாம் ஒளியைப் பொறுத்தவரை ஏறக்குறைய ஒரே இனம். ஒளிவிலகல் எண் 1.5 சுற்றுவட்டாரத்தில் இருக்கும். இப்படிப்பட்ட பரப்பில் ஒளி நேர்ச்செங்குத்தாக விழுந்தால் 100 பங்கில் 4 பங்குதான் திரும்பும், மிச்சம் உள்ளே போய்விடும். 45 டிகிரியில் 5 பங்கு. பரப்பிலிருந்து 30 டிகிரி உயரத்தில் வந்தாலும் 9 பங்குதான். அதுவரை அலட்டிக்கொள்ளாத இந்த எண் அதற்குப் பிறகு எகிறுகிறது. 10 டிகிரி உயரத்தில் 39 பங்கு, 5 டிகிரியில் 61 பங்கு. பரப்பை உரசிக்கொண்டே போகும் நிலையில் நூற்றுக்கு நூறை நெருங்கிவிடும். பாடப்புத்தகங்கள் கோணத்தைச் செங்குத்திலிருந்து அளக்கும். இங்கே பரப்பிலிருந்து அளப்பது வசதி என்பதால், இந்தத் தாழ்ந்த கோணத்தை ‘உரசு கோணம்’ என்று வைத்துக்கொள்கிறேன்.

உடனே சோதிக்க ஜப்பான் போகத் தேவையில்லை. அணைத்து வைத்த கைப்பேசித் திரையை நேராகப் பார்த்தால் அதில் ஜன்னல் மங்கலாகத் தெரியும். அதையே கண்மட்டத்தில் தட்டையாகப் பிடித்துத் திரையை உரசினாற்போல் ஜன்னலைப் பாருங்கள். பிம்பம் அசல் ஜன்னலோடு போட்டி போடும்.

ஏன் இப்படி? ஒளி ஓர் அலை. பூச்சின் மீது விழும்போது அங்கிருக்கும் அணுக்களின் எலக்ட்ரான்களைத் தன் தாளத்துக்கு அதிரவைக்கிறது. அதிரும் ஒவ்வொரு எலக்ட்ரானும் சுற்றிலும் தன் பங்குக்குச் சிற்றலைகளை அனுப்புகிறது. கோடானுகோடி எலக்ட்ரான்கள் இப்படி அனுப்பினால் குழப்பம்தானே மிஞ்ச வேண்டும்? தேர் வடம் பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பேர் தத்தம் இஷ்டத்துக்கு இழுத்தால் தேர் அசையாது. குரல் கொடுத்ததும் ஒரே மூச்சில் இழுத்தால் நகரும். சிற்றலைகளும் அப்படித்தான். பெரும்பாலான திசைகளில் ஒன்று ஏறும்போது இன்னொன்று இறங்கி ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. காற்றுப் பக்கம் ஒரே ஒரு திசையில் மட்டும் எல்லாம் ஒரே தாளத்தில் சேர்கின்றன. பட்ட சாய்வுக்குச் சமமான சாய்வுள்ள திசை அது. எதிரொளிப்பு விதி மேலிருந்து யாரோ விதித்த சட்டமல்ல, இந்தக் கூட்டு இழுப்பின் விளைவு.

அந்தக் கூட்டு அலை எவ்வளவு வலுவாக இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது காற்றில் வரும் அலைக்கும் பூச்சுக்குள் போகும் அலைக்கும் இடையிலான பொருத்தமின்மை. மேசைக்குள் செங்குத்தாக ஓர் அளவுகோலைச் செருகி, அதன் நீளத்தில் எத்தனை அலைமுகடுகள் விழுகின்றன என்று எண்ணுவதாக வைத்துக்கொள்வோம். ஒளி நேராக மேலிருந்து வந்தால், காற்றில் 2 முகடு விழும் நீளத்தில் பூச்சுக்குள் 3 விழும். சின்னப் பொருத்தமின்மை, சின்ன எதிரொளிப்பு. உரசு கோணத்தில் வரும் அலையோ மேசைக்கு ஏறத்தாழ இணையாகப் போகிறது. கீழ்நோக்கிய அளவுகோலில் முகடுகள் அத்தி பூத்தாற்போல்தான் விழும். ஆனால் அதே ஒளி பூச்சுக்குள் நுழைந்தால் கீழ்நோக்கி விலகியே தீர வேண்டும். செங்குத்திலிருந்து சுமார் 42 டிகிரிக்கு மேல் அது உள்ளே சாய முடியாது. ஆகவே உள்ளே முகடுகள் நெருக்கமாக இருக்கும். 5 டிகிரி உரசு கோணத்தில் காற்றில் 1 என்றால் உள்ளே 13 வரை போய்விடும். இவ்வளவு வேறுபட்ட இரண்டு அலைகள் எல்லையில் இசைய முடியாது. ஒளியின் பெரும்பகுதி வந்த வேகத்திலேயே வெளியே திரும்புகிறது.

சரி, கையால் மெருகேற்றிய மேசை அவ்வளவு வழவழப்பாகவா இருக்கும்? கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதைவிடப் பெரிய மேடுபள்ளம் இருந்தால் மேட்டில் பட்ட ஒளி முந்தும், பள்ளத்தில் பட்டது பிந்தும். வடம் இழுப்பவர்களின் தாளம் தப்பி பிம்பம் கலைந்துவிடும். இங்கும் உரசு கோணம் கைகொடுக்கிறது. நேராக விழும் ஒளிக்கு முந்துதலும் பிந்துதலும் மேட்டின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு. 5 டிகிரியில் வரும் ஒளிக்கு அதில் பதினொன்றில் ஒரு பங்குதான். மேசை உரசிப் பார்ப்பவருக்காகத் தன்னைத்தானே பதினோரு மடங்கு மெருகேற்றிக்கொண்டது போன்ற பலன். ஒரு பரப்பு எப்போது வழவழப்பு, எப்போது சொரசொரப்பு என்பது பரப்பை மட்டும் பொறுத்ததல்ல, பார்க்கும் கோணத்தையும் பொறுத்தது என்று கணக்கிட்டுக் காட்டியவர் ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலி பிரபு. இவர் பெயர் இன்னொரு முறை வரும், அப்போது கொஞ்சம் சங்கடமான இடத்தில்.

இனி கறுப்பு நிறத்துக்கு வருவோம். வெள்ளை மேசைக்கும் இதே பூச்சைப் பூசினால் அதே அளவு ஒளிதான் மேற்பரப்பில் திரும்பும். வெள்ளை மேசை கெடுப்பது வேறு வழியில். உள்ளே போன ஒளியை அது விழுங்காமல் எல்லாத் திசைகளிலும் சிதறடித்து வெளியே அனுப்புகிறது. அந்த வெளிச்ச வெள்ளத்தில் பிம்பம் அமுங்கிப்போகும். கறுப்பு உள்ளே வந்ததை விழுங்கிவிடும், மேற்பரப்பு ஒளி மட்டும் மிஞ்சும். அறை இருட்டாக இருப்பதும் இதற்குத் துணை. நீண்ட தாழ்வாரக் கூரை மேலிருந்து விழும் வெளிச்சத்தை வடிகட்டிவிடுவதால், மேசைக்கு வந்து சேரும் ஒளியில் பெரும்பங்கு தோட்டத்திலிருந்து படுத்தவாக்கில் வருவதுதான். இதே யாசேவிலிருந்து அதிக தூரமில்லாத இவாகுராவில் ஜிஸ்ஸோ-இன் என்ற ஆலயம் இருக்கிறது. அங்கே மேசை இல்லாமலே இந்த வித்தை நடக்கிறது. காலங்காலமாகத் தேய்த்துக் கறுத்த மரத்தரையில் மேப்பிள் தெரிகிறது. ‘யுகா மொமிஜி’, அதாவது தரை மேப்பிள், என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

கறுப்பில் சிவப்பு சிவப்பாகவே தெரிவதற்கும் காரணம் உண்டு. பித்தளைத் தாம்பாளத்தில் அதே மரத்தைப் பார்த்தால் மஞ்சள் பூத்திருக்கும். உலோகம் சில நிறங்களைக் கூடுதலாகவும் சிலவற்றைக் குறைவாகவும் திருப்புகிறது. மெருகுப் பூச்சின் மேற்பரப்பு எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் திருப்பும். நிறமி இருப்பது அதற்குக் கீழே. மேலேயே திரும்பிவிட்ட ஒளி நிறமியைச் சந்திப்பதே இல்லை.

இதெல்லாம் எப்படித் தெரிய வந்தது? 1808இல் பாரிஸ் நகரில் எத்தியேன் லூயி மாலுஸ் என்ற ராணுவப் பொறியாளர் தன் வீட்டிலிருந்து லக்ஸம்பர்க் அரண்மனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெப்போலியனோடு எகிப்துக்குப் போய் வந்தவர். கையில் கால்சைட் படிகம். அதன் வழியாக எதைப் பார்த்தாலும் இரண்டிரண்டாகத் தெரியும். அரண்மனை ஜன்னல்களில் சாயங்காலச் சூரியன் பளீரிட்டது. படிகத்தைத் திருகியபோது அந்த இரண்டு பிம்பங்களில் ஒன்று மங்கியது. மேலும் திருகினால் அது தெளிந்து மற்றது மங்கியது. அன்றிரவே மெழுகுவத்தி வெளிச்சத்தைத் தண்ணீரிலும் கண்ணாடியிலும் பிரதிபலிக்கவைத்துச் சோதித்தார் என்பார்கள். பரப்பில் பட்டுத் திரும்பிய ஒளி சாதாரண ஒளியாக இல்லை என்று அவர் கண்டுகொண்டார். ஒளியலை தான் போகும் திசைக்குக் குறுக்கே அதிரும் என்பதும், அந்த அதிர்வு மேலும் கீழுமாகவோ பக்கவாட்டிலோ இருக்கலாம் என்பதும் இன்று நமக்குத் தெரியும். திரும்பிய ஒளியில் பக்கவாட்டு அதிர்வு ஓங்கி நிற்கிறது. இதற்கு நம் பாடப்புத்தகச் சொல் ‘தளவிளைவு’. வேடிக்கை என்னவென்றால், ஒளி அலையே அல்ல, துகள் என்றுதான் மாலுஸ் கடைசிவரை நம்பினார்.

1815இல் ஸ்காட்லாந்தின் டேவிட் புரூஸ்டர் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தனிக்கோணம் உண்டு என்று காட்டினார். அந்தக் கோணத்தில் திரும்பும் ஒளியில் பக்கவாட்டு அதிர்வு மட்டுமே இருக்கும், மற்றது அறவே இருக்காது. நம் மேசைக்கு அது பரப்பிலிருந்து சுமார் 34 டிகிரி. காரணம் எலக்ட்ரான்களிடம்தான் இருக்கிறது. எலக்ட்ரான் எந்தக் கோட்டில் அதிர்கிறதோ அந்தக் கோட்டின் நேர்த்திசையில் அது ஒளியை அனுப்புவதில்லை. புரூஸ்டர் கோணத்தில், ஒளி திரும்ப வேண்டிய திசையும் எலக்ட்ரான்களின் மேல்கீழ் அதிர்வுக் கோடும் ஒன்றாகிவிடுகின்றன.

எந்தக் கோணத்தில் எவ்வளவு என்ற முழுக் கணக்கையும் போட்டவர் ஒகுஸ்தேன் பிரெனல். சாலை, பாலம் கட்டும் அரசுப் பொறியாளர். கலங்கரை விளக்குகளுக்கு அவர் வடிவமைத்த வில்லைகளும் புகழ்பெற்றவை. 1823இல் அவர் பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் வாசித்த கட்டுரையின் பிரதி எங்கோ தொலைந்துபோயிற்று. 1827இல், 39 வயதில், காசநோயால் இறந்தார். பிறகு ஃபூரியே என்ற கணித மேதை இறந்து அவரது காகிதங்களைக் குடைந்தபோது அந்தப் பிரதி அகப்பட்டு, 1831இல் அச்சேறியது. நான் மேலே சொன்ன 4, 9, 39, 61 எல்லாம் அந்தக் கட்டுரையின் விதிகளிலிருந்து வருபவைதான். ஒளி மின்காந்த அலை என்பது பிரெனலுக்குத் தெரியாது. ஈதர் என்ற கற்பனை ஊடகத்தின் அதிர்வாகவே கணக்குப் போட்டார். 1875இல் ஹென்ட்ரிக் லோரன்ட்ஸ் தன் முனைவர் பட்ட ஆய்வில் மாக்ஸ்வெல்லின் மின்காந்தக் கொள்கையிலிருந்து தொடங்கி அதே விதிகளுக்கு வந்து சேர்ந்தார். அடித்தளம் மாறியும் கட்டடம் விரிசல் விடவில்லை.

1921இல் திருச்சிக்காரர் ஒருவர் புரூஸ்டரின் கோணத்தைக் கையிலெடுத்தார். சி.வி. ராமன் இங்கிலாந்து போய்விட்டு நார்குண்டா என்ற கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தார். கடலின் நீலம் வானத்தின் பிம்பம்தான், தண்ணீருக்கு அதில் பங்கில்லை என்று ரேலி எழுதியிருந்தார். ராமன் தளவிளைவுற்ற ஒளியை வடிகட்டும் நிக்கோல் பட்டகம் ஒன்றை எடுத்துக்கொண்டு, புரூஸ்டர் கோணத்தில் கடலைப் பார்த்தார். பட்டகத்தைச் சரியாகத் திருகியதும் மேற்பரப்பின் பிம்பம் அணைந்தது. பிம்பம் போனால் நீலமும் போக வேண்டும். போகவில்லை, முன்னைவிட ஆழ்ந்து தெரிந்தது. நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்ற முடிவோடு ‘நேச்சர்’ இதழுக்குக் கடிதம் எழுதினார். சிதறல் ஆராய்ச்சியின் அந்தப் பாதை 1928இல் ராமன் விளைவிலும் 1930இல் நோபல் பரிசிலும் போய் முடிந்தது.

ராமன் கடலுக்குச் செய்ததை ருரிகோ-இன்னில் மேசைக்குச் செய்யலாம். போலராய்டு குளிர்கண்ணாடி அணிந்து மேசையை 34 டிகிரிக்கு அருகில் பார்த்தால் பிம்பம் ஏறக்குறைய அழிந்து வெறும் கறுப்பு மிஞ்சும். கண்ணாடியைக் கழற்றிக் குறுக்காகப் பிடித்தால் இலைகள் மீண்டும் வரும். ஆனால் 10 டிகிரிக்கு இறங்கிவிட்டால் அந்தக் கண்ணாடியால் முழுதாக அழிக்க முடியாது. அங்கே பக்கவாட்டு அதிர்வில் 54 பங்கும் மேல்கீழ் அதிர்வில் 24 பங்கும் திரும்புகின்றன. வடிகட்டி ஒன்றைத் தடுத்தாலும் மற்றது வந்துகொண்டிருக்கும். கேமராவில் போலரைசர் மாட்டிக்கொண்டு போகும் உற்சாகிகள் அதைக் கழற்றிப் பையில் வைப்பது நல்லது.

எந்தப் பருவத்தில் போவது என்று கேட்டால், நான் கூட்டத்தோடு சேர மாட்டேன். நவம்பர் சிவப்புக்குத்தான் கியோட்டோ முழுக்க நெரிசல். மேசைக்கு முன்னால் நிதானமாக உட்கார்ந்து தலையை ஏற்றி இறக்கிப் பார்க்க அப்போது எங்கே இடம்? பகல் வெளிச்சத்தில் மனிதக் கண்ணுக்குக் கூர்மை அதிகமுள்ள நிறம் பச்சை, 555 நானோமீட்டர் பக்கம். ஒரே அளவு ஆற்றலோடு வந்தாலும் சிவப்பைவிடப் பச்சை நமக்குப் பிரகாசமாகத் தெரியும். பாதி ஒளியை மேசை விழுங்கிவிடுகிற இடத்தில் இந்தச் சலுகை வீணாகாது. மே மாதத்து மேப்பிள் தளிர் மெல்லியது, ஒளியைத் தாராளமாக உள்ளே விடும். பிம்பத்தில் அதன் அடிப்புறம் தெரியலாம் என்பதையும் சேர்த்துக்கொண்டால், என் ஓட்டு வசந்தத்துக்குத்தான்.